அஞ்சாம் மலைப் பக்கம்

பாறைக்குள் தண்ணீரை வேகமாக அடித்துப் பிளவு உண்டாக்கினால் ஊற்றுப் பெருகும் என்று கேட்ட நாளிலிருந்து ஜோசப்பினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான கீழ்லயத்துக் குழாய்க்கிணறு காலையில் பத்துக் குடம் தந்துவிட்டுப் படுத்துவிடும். நாற்பது வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? தண்ணீர்ச் சங்கத் தலைவி அவள்தான். கொழுந்து பறித்த கையோடு ஏழு மாதம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அந்தப் பாறை பிளக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். காரியம் கெட்டால் லயத்தில் தலைகாட்ட முடியாது.

பொறியியலாளர் மதுரன் யாழ்ப்பாணத்துக்காரன். வந்த அன்றே, "அக்கா, மலசலகூடக் குழியள் எங்கை இருக்கு?" என்று கேட்டான்.

"அதெல்லாம் அஞ்சாம் மலையில இருக்குங்க சேர்."

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டான்.

இன்று சோதனை. பெரிய பம்பைப் போடுமுன் பாறையின் இறுக்கத்தை அளக்க வேண்டுமாம். நாற்பது மீற்றர் ஆழத்தில் கிணற்றை மேலும் கீழும் அடைத்து, நடுவில் கொஞ்சம் தண்ணீரை அழுத்தினார்கள். அளவு முள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழுந்தது. பம்பை நிறுத்தியதும் ஓரிடத்தில் நின்றது.

"ஏன் சேர் முள்ளு விழுந்துச்சு?"

"பாறை பிளந்திட்டுது. இப்ப நிக்கிறதுதான் அந்தப் பிளவை மூடப் பாக்கிற இறுக்கம். உங்கட பெருவிரல் நகத்திலை ஒரு உரமூட்டையை வைச்ச மாதிரி."

ஜோசப்பின் தன் நகத்தைப் பார்த்தாள். தினமும் மிதித்து நடக்கிற மண்ணுக்கடியில் இப்படியொரு பிடியா!

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியா இறுக்கும்?"

"இல்லையக்கா. இறுக்கம் குறைஞ்ச பக்கம் விட்டுக்குடுக்கும். பிளவு அதுக்குக் குறுக்காலை ஓடும்."

"இது எந்தப் பக்கம் ஓடுதுங்க?"

மதுரன் இறப்பர் உறை போட்ட குழாய் ஒன்றை இறக்கி, உறையை ஊதவைத்து, திரும்ப மேலே எடுத்தான். இறப்பரில் பிளவின் அச்சு, தழும்பு போல ஒரு கோடாகப் பதிந்திருந்தது. திசைகாட்டியைப் பார்த்துத் தேயிலைப் பக்கம் கை நீட்டினான்.

"அங்காலை. ஒரு பிரச்சினையும் இல்லை. நாளைக்குப் பெரிய பம்பைப் போடுவம்."

ஜோசப்பின் அவன் கை காட்டிய பக்கம் திரும்பினாள். "சேர், அதுதானே அஞ்சாம் மலை!"

"அஞ்சாவது மலையெண்டால் நாலு மலை தாண்டியெல்லோ?"

"அடக் கடவுளே! தேயில நிக்கிற துண்டத்தாங்க நாங்க மலைன்னு சொல்றது. இந்தா, இந்தத் தண்ணி ஓடுற கானுக்கு அங்கிட்டு அஞ்சாம் நம்பரு. குழியெல்லாம் நூறு அடியில இருக்கு!"

மதுரனின் முகம் வெளுத்துப்போனது. பெரிய பம்பைப் போட்டுப் பிளவு நீண்டிருந்தால் குழிக்கழிவு நேரே கிணற்றுக்கு வந்திருக்கும்.

குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு லெட்சுமி, "அப்ப நாளைக்குத் தண்ணி?" என்றாள்.

"இல்லக்கா. இந்தக் கெணத்துல வேணாம். நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணி," என்றாள் ஜோசப்பின்.

"ஏழு மாசமா நீ அலைஞ்சது இதுக்குத்தானா?"

அது சுருக்கென்று தைத்தது. ஜோசப்பின் இறப்பரில் விழுந்திருந்த கோட்டைத் தடவிப் பார்த்தாள். "சேர், இந்த மலை... இந்தப் பாறை முழுக்க இதே பக்கந்தான் இறுக்குமா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப பக்கவாட்டுல தள்ளிப் புதுசா ஒண்ணு துளைச்சா, பிளவு இதே பக்கம் ஓடினாலும் குழியில படாம ஒதுங்கித்தானே போகும்?"

மதுரன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு திசைகாட்டியோடு அறுபது அடி எடுத்துவைத்து நின்றான். நின்ற இடம் லெட்சுமி கறிக்குப் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி, முக்கால் விளைச்சலில். பாத்தியை விட்டுக்கொடு என்று ஜோசப்பின் எந்த வாயால் கேட்பாள்?

லெட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு எடம் வேணும்? சரியாச் சொல்லுங்க சேர்," என்று கேட்டபடியே குனிந்து லீக்ஸைப் பிடுங்கத் தொடங்கினாள். ஜோசப்பினுக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் பக்கத்தில் குனிந்தாள்.