ஐந்தரை மணிவரை மௌனம்

சித்தி வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் காளீஸ்வரன் நினைத்திருந்தான். நடக்கிற காரியமா? விளாத்திகுளத்துக்கு மேற்கே நூற்றிருபது வீடு உள்ள ஊர் அது. அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்கு ஜெனீவாவிலிருந்து வந்தவன் தும்மினாலே கடைசித் தெருவுக்குக் கேட்கும். சித்தி கோமதியம்மாள் காலையிலிருந்து இரண்டு ஆள் அனுப்பிவிட்டாள். அவளே வந்து வாசலில் நிற்பதற்குள் போய்விடுவது நல்லது என்று சாயங்காலம் நாலரைக்குப் போனான்.

மிளகாய் வற்றல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் விரலெல்லாம் காந்தும். கண்ணில் தூசி விழுந்தால்கூட முழங்கையால்தான் துடைக்கவேண்டும். அப்படித் துடைத்துக்கொண்டே, “வாங்கய்யா, வாங்க. சேர்ல உக்காருங்க” என்றாள். இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா மகனுக்குத்தான் இவ்வளவு மரியாதை! வெளியுறவு வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு அவன் ‘நீங்க’ ஆகிவிட்டான்.

“அஞ்சு மணிக்குப் பாண்டிச்செல்வி பேசுவா. நீங்க ஒரு வார்த்தை பேசுனா அவளுக்குத் தெம்பா இருக்கும். அங்கன லாரி விடுத பேச்செல்லாம் நீங்கதான பேசுதீங்க?”

பாண்டிச்செல்வி அவளுடைய ஒரே மகள். கடல் தாண்டி, கெம்பாரா என்ற ஊரில், ஒரு தொண்டு நிறுவனத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். துப்பாக்கிக்காரர்கள் அந்த ஊரை வளைத்து ஐம்பது நாளாகிறது. பக்கத்து ஊருக்குள் அவர்கள் புகுந்த அன்று, சந்தையில் ஆம்பிளைகளைத் தனியாகப் பிரித்து நிறுத்திச் சுட்டார்கள். இனி இப்படி நடக்கக்கூடாது என்று ஒன்பது நாடுகள் கூடிக் குழு அமைத்தன. காபி குடித்தார்கள், வரைவு எழுதினார்கள், கோடு போட்டு அடித்தார்கள், திரும்ப எழுதினார்கள். நாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் நம் நாட்டுக்காகப் பேச உட்கார்ந்தவன் காளீஸ்வரன்.

வரைவில் முதலில், இப்படி வளைக்கப்பட்ட நாலு ஊர் இருந்தது. நாலுக்கும் காவல்படையோடு லாரி போகும், சனத்தை ஏற்றிக்கொண்டு வரும் என்று இருந்தது. கெம்பாராவை எடுத்தால்தான் சம்மதம் என்று ஒரு பெரிய நாடு ஒற்றைக்காலில் நின்றது. அதை வளைத்து நிற்கிற தளபதி அவர்களுக்கு வேண்டியவன். மற்ற மூன்று ஊரிலும் சேர்ந்து இரண்டு லட்சம் சனம். செவ்வாய்க்கிழமை, “சரி, எடுத்துவிடுவோம்” என்று முதலில் சொன்னது காளீஸ்வரன்தான். தங்கச்சி அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னான். பாவி, தெரிந்தே சொன்னான்.

“இன்னைக்கு முடிவாயிரும்னு டிவியில சொன்னாவ. ஓட்டா போடுவீங்க?” என்று கேட்டாள் சித்தி.

“ஓட்டு இல்ல சித்தி. எழுதுனதை எல்லா நாட்டுக்கும் அனுப்பியாச்சு. நம்ம நேரத்துக்கு அஞ்சரை வரைக்கும் யாரும் மறுப்பு எழுதலைன்னா, எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தம்.”

“அட, நம்ம கண்மாய் மீன் ஏலத்துல மூணு தரம் கேட்டுட்டு முடிப்பாவள்லா, அது கணக்கா! அப்ப யாரும் வாயத் தொறக்காம இருக்கணும், முருகா” என்று கழுகுமலைத் திசை பார்த்துக் கையெடுத்தாள்.

காளீஸ்வரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

சரியாக ஐந்துக்குச் சித்தியின் ஃபோன் அடித்தது. வற்றல் கை என்பதால் அவனையே எடுக்கச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு ஃபோன்தான். சார்ஜை மிச்சம் பிடிக்க ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிவிட்டு அணைத்துவிடுவார்கள்.

“அண்ணே, நீங்களா! நல்லதாப் போச்சு. இங்கன நூத்தி நாப்பது பேரு தரையில கெடக்காவ. தண்ணி நாளை வரைக்கும்தான். கெழக்கால ஆத்து வழி இன்னைக்கு ஒருநா தொறந்து கெடக்குன்னு சொல்லுதாவ. லாரி வரும்னா நாங்க இருக்கோம். வராதுன்னா, நடக்க முடிஞ்சவங்களைக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பணும். எதுன்னு சொல்லுங்க.”

இவ்வளவு நேராக அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ‘வராது, ஓடு.’ சொல்லவேண்டியது அவ்வளவுதான். ‘இல்லை’ என்பதை ‘பரிசீலிக்கிறோம்’ என்றே இருபது வருசமாகச் சொல்லிப் பழகிய வாய், அது வருமா? எதிரே சித்தி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அரைமணி இருக்கிறதே, மறுப்பு எழுதினால் கெம்பாராவைத் திரும்பச் சேர்த்துவிட முடியாதா என்ற நப்பாசை வேறு.

“பேச்சு நடந்துக்கிட்டிருக்கும்மா. கொஞ்சம் பொறு” என்றான்.

“பொறுக்கோம்ணே. நீங்க சொன்னாச் சரி” என்று அவள் வைத்துவிட்டாள்.

அவன் தெருவுக்கு ஓடினான். அவனுடைய ஃபோனுக்கு முக்கில் உள்ள உடைமரத்தடியில்தான் சிக்னல் கிடைத்தது. டெல்லிக்குப் போட்டு, மறுப்பு எழுத அனுமதி கேட்டான், கெஞ்சினான், தங்கச்சி அங்கே இருக்கிறாள் என்றும் சொன்னான். மேலதிகாரி கோபப்படவில்லை. “உன் வேதனை புரிகிறது. மூன்று ஊருக்குப் போகிற லாரியும் எல்லையில் தயாராக நிற்கிறது. நீ மறுத்தால் அத்தனையும் திரும்பிவிடும். அந்த இரண்டு லட்சம் பேருக்கு நீ பதில் சொல்வாயா?” என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. அதுதான் கொடுமை.

அனுமதி இல்லாமலும் அனுப்பலாம். ஒரே ஒரு வரி. எழுதியும் வைத்துவிட்டான். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. அனுப்பினால் மூன்று ஊர்ச் சந்தையிலும் ஆட்களைப் பிரித்து நிறுத்துவார்கள். அனுப்பாவிட்டால் கெம்பாராவில் நிறுத்துவார்கள். ‘ஓடு’ என்றாவது சொல்லிவிடுவோம் என்று ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போட்டான். அணைத்து வைத்திருந்தார்கள். அப்படியே ஐந்தரை ஆகிவிட்டது. மறு நிமிடம் மெயில் வந்தது: மறுப்பு எதுவும் வரவில்லை, வரைவு ஏற்கப்பட்டது.

திரும்பி வந்தவனிடம் சித்தி கேட்டாள். “என்னய்யா, யாரும் வாயத் தொறக்கலையே?”

“தொறக்கல சித்தி.”

“எப்பா, எம்மக பொழைச்சா!” என்று அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வற்றல் கை! கண் இரண்டும் எரிந்து நீர் கொட்டியது. “எரியட்டும், நல்லா எரியட்டும்” என்று சிரித்தாள், அழுதாள். “இருங்க, கருப்பட்டிக் காபி போடுதேன்” என்றாள்.

அங்கே நிற்க அவனால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.

“ஏய்யா” என்று பின்னாலிருந்து கேட்டது. “போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போறீங்க? எழவு வீட்டுல இருந்துதான அப்படிப் போவாவ?”

அவன் நின்றான். திரும்பி ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டால் போதும், சித்தி காபி போடப் போய்விடுவாள். வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை. எரிகிற கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“அதுல எம்மக ஊரு இல்லையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏலே காளி!” என்று அவள் அலறினாள். “அவ கேட்டப்பவே வராதுன்னு சொல்லியிருக்கலாம்லாலே? நடந்தாவது வந்திருப்பாளே! நீ சொன்னன்னுல்லா அங்கனயே பொறுத்துக்கிட்டு இருக்கா!”

அவள் தரையில் கிடந்த ஃபோனைத் தடவி எடுத்து மகளைக் கூப்பிட்டாள். அணைந்தே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.