பிலாவிலிருந்து விழாத வாரம்

சாட்சி நேரம் என்று போதகர் சொன்ன உடனேயே மற்றவர்கள் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்காரும்படியான ஒரு ஆள் உங்கள் சபையில் உண்டா?

குலசேகரத்துக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் சபையில் அந்த ஆள் ஜஸ்டஸ். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதற்கென்று ஞாயிறுதோறும் ஒதுக்கிய நேரத்தைப் பதினோரு வருஷமாக அவர் ஒருவரே ஆண்டுவந்தார். சக்கை என்கிற பலாப்பழம் வெட்டப் பிலாமரத்தில் ஏறியதும், கொம்பு ஒடிந்ததும், பாதி வழியில் தேவதூதன் வந்து ஏந்தியதும்தான் கதை. வருஷம் கூடக்கூட மரமும் வளர்ந்தது. "எனக்க தேகத்துல ஒரு எலும்பு ஒடியல்ல!" என்று முடிப்பார். எல்லாரும் இரண்டு கையையும் உயர்த்தி அல்லேலூயா சொல்வார்கள். அவர் மனைவி கமலபாய் வலது கையை மட்டும் உயர்த்துவாள். இடது கை தோளுக்கு மேலே வராது.

வாரத்தில் ஒருநாள், அரைமணி நேரம், ஊர் அவர் வாயைப் பார்த்தது. மற்ற நாளெல்லாம் அவரை ரப்பர் மரங்கள்தான் பார்த்தன.

புதிதாக வந்த போதகர் ஜெனின் இளவயதுக்காரர். இரண்டு வாரம் பிலாவைப் பொறுத்தார். மூன்றாவது வாரம் எழுந்தார்.

"இனி இந்த வாரம் கிடைச்ச நன்மைக்கு மட்டும் ஸ்தோத்திரம் சொன்னா போதும். சின்ன காரியமா இருந்தாலும் மதி. நன்றி சொல்லிச் சொல்லிப் பழகணும்."

ஜஸ்டஸுக்கு இது பிடிக்கவில்லை. தேவதூதனைச் சொன்ன வாயால் கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொல்வதா?

திங்கள்கிழமையிலிருந்து நன்மை தேடிப் புறப்பட்டார். விரியன் கிடக்கும் என்று எல்லாரும் ஒதுங்கிப் போகும் புதர் வழியாக ரப்பர் பால் வெட்டப் போனார். விரியன் வரவில்லை. வளைவில் ஹாரன் அடிக்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினார். எதிரே வந்த லாரிக்காரன் தெரிந்த பையன். "எங்க மாமா போறிய?" என்று கேட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமை, பாவாவின் சாயாக்கடை வாசலில் கிடந்த நாயின் வாலை ஒட்டிக் காலை வைத்துத் தாண்டினார். நாய் கொட்டாவி விட்டது.

"என்ன ஓய், நாயிக்க வாலை வேணும்னே மிதிக்கப் பாக்குதீரு?" என்றார் பாவா.

"ஒரு சாட்சி வேணும்."

"கடிச்சாத்தான் சாட்சியா? கடிக்காம விட்டதுக்கு ஸ்தோத்திரம் சொல்லும்."

"அதுக்கெல்லாம் யாரு வே எழும்பி நிப்பா?"

வீட்டுக்குப் போய் முற்றத்தில் நடந்தபடி ஒத்திகை பார்த்தார். நாய் ஓநாயானது. ஓநாய் மூன்றானது. ஒற்றைக் கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலபாய் கேட்டாள்:

"பாவா கடை நாய்க்குப் பல்லே கிடையாது. இதையா நாளைக்குச் சொல்லப் போறிய?"

"ஏட்டி, நீ உனக்க சோலியப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. ஜஸ்டஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் பெண்கள் பக்கத்தில் கமலபாய் எழுந்துவிட்டாள். அவள் அங்கே வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"பாஸ்டரே, இந்த வாரம் எனக்க மாப்பிள எனக்க மேல விழல்ல. ஸ்தோத்திரம்."

போதகருக்கு விளங்கவில்லை. "எப்படிம்மா?"

"தூதன் தாங்கினாருன்னு இவரு சொல்லுவாருல்லா? தாங்கினது நானாக்கும். சக்கைக்குச் சாக்கு விரிச்சுட்டு அடியில நின்னேன். இவருக்கு ஒண்ணும் ஒடியல்ல. ஒடிஞ்சது எனக்க தோளு."

போதகர் அவள் இடது தோளைப் பார்த்தார்.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல்ல?"

"நேரம் எங்க கிட்டிச்சு? இவரு முடிச்சதும் காணிக்கை எடுக்க வந்துருவாவ." உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "பின்ன ஒண்ணு. சக்கை விழாம இவரு விழுந்தாருல்லா, அதுக்கும் ஸ்தோத்திரம். சக்கைக்கு முள்ளு உண்டு."

சிரிப்பில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. பாடகர் குழுவில் ஒருவர் புரையேறி வெளியே ஓடினார்.

"ஜஸ்டஸ் ஐயா, நீங்க?" என்றார் போதகர்.

ஜஸ்டஸ் எழுந்தார். மூன்று ஓநாய்களும் தொண்டை வரை வந்து நின்றன. சபை முழுக்க அவர் வாயைத்தான் பார்த்தது; இதற்காகத்தானே ஒரு வாரம் அலைந்தார். பெண்கள் பக்கம் திரும்பினார். கமலபாய் சேலைத் தலைப்பால் இடது தோளை மூடிக்கொண்டிருந்தாள். மருந்தெண்ணெய் வாசம் வீட்டில் வருஷக்கணக்காக இருக்கிறது. அது எதற்கென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார். "கமலத்துக்கும்."

உட்கார்ந்துவிட்டார். இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

மறுநாள் காலை பாவா கடையில் அவரை "தூதனுக்க மாப்பிள" என்று கூப்பிட்டார்கள். ஜஸ்டஸ் சாயா குடித்துவிட்டு, ஒரு சாயா பார்சலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சீனி கூடுதல் என்றாள் கமலபாய்.