ஐந்து, மூன்று, ஒன்று

ஜோர்டானா, மலோனா என்ற சண்டை, விருதை அறிவித்த பிறகும் அந்த மாலை வகுப்பில் ஓயவில்லை. 1997 மே மாதம் அது. அமெரிக்கக் கூடைப்பந்தில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை கார்ல் மலோன் வாங்கிவிட்டிருந்தார். மைக்கேல் ஜோர்டானுக்கு அது மயிரிழையில் தவறியிருந்தது.

காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு. ஒன்பது பேர் படித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு தலைப்பில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்பது வித்யாலட்சுமி மேடம் வைத்த வழக்கம். இந்த வாரத் தலைப்பை வகுப்பே அவர் கையில் திணித்தது.

மலோன் பக்கம் அசோகன். ஜீவனஹள்ளிக்காரன். பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் கேபிள் கிடையாது. ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வரும் புள்ளிகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். ஆட்டத்துக்குச் சராசரி மலோன் இருபத்தேழு புள்ளி எடுத்தார், பத்து முறை பந்தை மீட்டார். ஜோர்டான் புள்ளியில் கொஞ்சம் மேலே, மீட்டதில் ரொம்பக் கீழே. ஏழு காரணங்கள் எழுதி, வரிசை போட்டு, தாளைப் பார்க்காமலே சொன்னான். நான்காவது காரணத்தில் பின் பெஞ்சில் யாரோ கொட்டாவி விட்டார்கள். ஐந்தாவதுக்குப் பின் தான் சொல்வது தனக்கே சந்தேகமாகிவிட்டது.

அடுத்து ஜோர்டான் பக்கம் கிறிஸ்டோபர் எழுந்தான். கோலார் தங்க வயலில் பிறந்தவன், நீலசந்திராவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தான். அவன் கையில் தாள் இல்லை. அட்டெண்டன்ஸ் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்கப்போவதுபோல் பாவனை செய்து மேடத்தை அலறவைத்தான். பிறகு சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டுகளைக் கசக்கி உருட்டினான். ஒரு எம்பு எம்பி, காற்றில் கொஞ்ச நேரம் நின்றதுபோல் தோன்ற, மூலையிலிருந்த குப்பைக்கூடையில் போட்டான். "எல்லா வருஷமும் ஒரே ஆளுக்குக் கொடுத்தா ஓட்டுப் போடறவனுக்கு வயிறு எரியுது, அவ்வளவுதான் விஷயம்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் முடித்தான். வகுப்பே கை தட்டியது. கொட்டாவி விட்டவன் விசிலடித்தான்.

அசோகனும் தட்டினான். ஆனால் அவன் கைகளிலிருந்து சத்தமே வரவில்லை. அன்றைய டைரிக்கான வரி அப்போதே மனதில் ஓடியது: கி. சிரிக்க வைத்தது நான்கு முறை. நான், பூஜ்யம்.

அப்போதுதான் மேடம் சொன்னார். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்கு இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயர் கேட்டிருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவராக வேண்டுமாம். "நான் ஒருத்தரைச் சொன்னா ஓரவஞ்சனைம்பீங்க. நீங்களே சொல்லுங்க. ஓட்டு எப்படிப் போடலாம், அசோகன்? உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த விருதுக்குப் பத்திரிகைக்காரர்கள் ஐந்து பெயர்களை வரிசையாக எழுதுவார்கள், இடத்துக்கு ஏற்ற புள்ளி. ஒன்பது பேருக்கு மூன்று பெயர் போதும் என்றான். முதலுக்கு ஐந்து, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு ஒன்று. தன் பெயரைத் தானே எழுதக்கூடாது.

"எண்ணறதும் நீயே எண்ணு குரு, உன்னைவிட ஒழுங்கா எவன் எண்ணுவான்?" என்றான் கிறிஸ்டோபர். அந்தப் பாராட்டுகூட அசோகனுக்குக் குத்தியது. எண்ணுவதற்குத்தான் நான்.

சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நேர்மையாக எழுதினால் முதல் பெயர் யார் என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. பேனாவை வைத்து 'கி' என்று எழுதக் கை வரவில்லை. தமயந்தி என்று எழுதினான். தமயந்தி நன்றாகத்தான் பேசுவாள், யாரையும் புண்படுத்தாமல், நேரத்துக்கு முடிப்பாள். இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வகுப்பில் வாயே திறக்காத இரண்டு பேரை எழுதி நான்காக மடித்தான். காது சூடாக இருந்தது.

பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எண்ணினான். இரண்டு முறை எண்ணினான். தமயந்தி இருபத்தெட்டு. கிறிஸ்டோபர் இருபத்து மூன்று. அசோகன் இருபத்தொன்று.

மனதுக்குள் கணக்கு தானாக ஓடியது. அவன் சீட்டில் கிறிஸ்டோபரை முதலிலும் தமயந்தியை இரண்டாவதிலும் எழுதியிருந்தால் கிறிஸ்டோபர் போயிருப்பான். தன் அற்பத்தனம் எண்ணாகவே கண்முன் நின்றது.

பிறகு, பழக்கதோஷத்தில், ஒவ்வொரு பெயரும் எத்தனை சீட்டில் வந்தது என்று பார்த்தான். கிறிஸ்டோபர் ஏழு. அவன் சீட்டு போக எட்டிலும் இருந்திருக்க வேண்டும். குறைந்த அந்த ஒன்று அசோகனுடையது. அசோகனும் ஏழு.

மறுபடி புரட்டினான். தன் சீட்டைத் தவிர, தன் பெயர் இல்லாத ஒரே சீட்டில் எல்லாமே பெரிய எழுத்தில் இருந்தன, பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி. அதே கையெழுத்தில் இருந்த கிறிஸ்டோபரின் நோட்ஸைத்தான் ஒரு மாதம் முன்பு இரவல் வாங்கியிருந்தான். முதலில் தமயந்தி. அடுத்து, வாயே திறக்காத அதே இருவர்.

மேடம் முடிவைப் படித்ததும் தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரையும்விட உரக்கக் கை தட்டியவன் கிறிஸ்டோபர்.

படி இறங்கும்போது அவன் அசோகன் தோளில் கை போட்டான். "எனக்கு எவ்ளோ?"

"இருபத்து மூணு. எனக்கு இருபத்தொண்ணு."

"சே! எவனோ ஒருத்தன் கவுத்துட்டான்."

"நான்தான்" என்றான் அசோகன்.

தோளிலிருந்த கை விலகியது. கிறிஸ்டோபர் படியிலேயே நின்றான். "என்னடா சொல்றே?"

"உன் பேரை எழுதலை. வயித்தெரிச்சல்." அடி விழும் என்று எதிர்பார்த்தபடியே சேர்த்துச் சொன்னான்: "உன் சீட்டுல நானும் இல்லை."

கீழே பேக்கரியில் யாரோ பன்னுக்குக் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்பரையெல்லாம் பாக்காமயே சொல்றியேடா" என்றான் கிறிஸ்டோபர் கடைசியில், செருப்பைப் பார்த்துக்கொண்டு. "நானும் சித்தி வீட்டுல கதவைச் சாத்திட்டு மனப்பாடம் பண்ணிப் பாத்தேன். ரெண்டு நிக்குது, மூணாவது ஓடிப்போவுது. அப்புறந்தான் குப்பைக்கூடை வேலையெல்லாம்."

"என்ன சொன்னே?"

"வரலைன்னேன்."

"எது?"

"நம்பர்டா. உன்னை மாதிரி சொல்ல வரலை. போதுமா?"

போதவில்லை. நேர்முக வாய்ப்பு போனது, செய்தது தப்பு, ஒரு நண்பனைக் கெடுத்தோம் என்ற மூன்றும் அசோகனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் மேலே வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவனைப் பார்த்து ஒருத்தருக்கும் வயிறு எரிந்ததில்லை.

நீலசந்திரா பஸ் திருப்பத்தில் தெரிந்தது. கிறிஸ்டோபர் ஓடத் தயாரானான்.

"இன்னொரு தடவை சொல்லிட்டுப் போடா" என்றான் அசோகன்.

"போடா லூசு!" என்று கத்திக்கொண்டே அவன் ஓடிப்போய்ப் படியில் தொற்றினான்.