களத்தில் செருப்பு

விடியுமுன்பே காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையின் களத்தில் ஆவி பறந்தது. இரவெல்லாம் ஊறி வெந்த நெல், உயரத்தில் இருக்கும் இரும்புத் தொட்டியின் வாய் வழியாகச் சரசரவென்று இறங்கும். அதைப் பலகையால் இழுத்துப் பரப்பிவிட்டு, பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வெறுங்காலால் உழுதுகொண்டே போவார்கள். சூடு முதலில் விரலிடுக்கில் ஏறும். பிறகு உள்ளங்கால் மரத்துப்போகும். மரத்துப்போனால்தான் வேலை ஓடும் என்பாள் சவரியம்மாள். வரிசையில் அவள் முதல் ஆள். அவளுக்குப் பின்னால் எழிலரசி.

அன்று எச்சரிக்கை மணி அடிக்காமலே தொட்டியின் வாய் திறந்தது. "லாரி நிக்குது, தொறய்யா" என்று முதலாளி ஸ்ரீதர், மேலே நின்ற கொதிகலன்காரர் பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கத்தியது எழிலரசிக்குக் கேட்டது. அடுத்த நொடி, தொட்டிக்கு நேர் கீழே இருந்த சவரியம்மாள் கொதிக்கும் நெல்லுக்குள் முழங்கால்வரை புதைந்து நின்றாள். கத்த மூச்சு வரவில்லை. இழுத்தெடுத்தபோது தோல் கழன்று நெல்லோடு தங்கிவிட்டது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருபதாம் நாள் இடது பாதத்தை எடுத்தார்கள். அந்த நெல்லை ஸ்ரீதர் அலசிக் காயவைத்து, விபத்து நடந்த மறுநாளே அரைத்துவிட்டிருந்தார்.

நட்டஈட்டு வழக்கு கடலூரில் நடந்தது. விபத்து நடந்தது என்று நிரூபித்தால் போதும் என்றுதான் எழிலரசி நினைத்திருந்தாள். முதலாளியின் வக்கீல் விபத்தை மறுக்கவே இல்லை. சாட்சி சொல்ல நின்ற சவரியம்மாளிடம் ஒரு தாளை நீட்டினார்.

"ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான். பொங்கல் பொடவைக்குன்னு சொல்லி வாங்குனாங்க."

"சரி, பூட்ஸ விடுங்க. சொந்தமா செருப்பு இருக்கா?"

"இருக்குங்க."

"அன்னைக்கி எங்க இருந்துச்சு?"

"களத்துக்கு வெளிய."

"யாரு கழட்டச் சொன்னா?"

சவரியம்மாள் யோசித்தாள். "யாராச்சும் சொல்லணுமாங்க? நெல்லு மேல செருப்பு போட்டு மிதிப்பாங்களா?"

"நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நெல்லு உங்களுக்கு லட்சுமி இல்லையேம்மா?"

"சோறு எல்லாருக்கும் சோறுதானுங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். "ஆக, நீங்களா விரும்பித்தான் கழட்டினீங்க. வேற கேள்வி இல்ல."

வெளியே டீக்கடையில் சவரியம்மாளின் வக்கீல் வினோதினி விளக்கினாள். "குடுத்த பாதுகாப்புச் சாமான வேணும்னே ஒதுக்கிப்புட்டு ஒருத்தர் அடிபட்டா, முதலாளி நட்டஈடு தர வேணாம்னு சட்டத்துல எடம் இருக்கு. அதைத்தான் பிடிச்சிருக்காங்க."

"பாதமே போச்சே மேடம்" என்றாள் எழிலரசி.

"உசிரு போயிருந்தா, இல்ல ஆளே மொத்தமா முடங்கியிருந்தா, இந்த வாதம் எடுபடாது. ஒரு பாதந்தான் போயிருக்கு. அதனால எடுபடும்."

சவரியம்மாள் டீயை ஊதிக் குடித்தாள். "கேசுக்குத் தோதா சாகத் தெரியல எனக்கு."

வினோதினி கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, வெறுங்கால்தான் மில்லின் வழக்கம், முதலாளி விரும்பியதும் அதுதான் என்று காட்ட வேண்டும் என்றாள். அடுத்த வாய்தாவில் எழிலரசிதான் சாட்சி.

எழிலரசி பத்தாவது படித்தவள். பொங்கல் புடவைக்கென்று மடித்து நீட்டிய அந்தத் தாளில், சவரியம்மாளின் பெயருக்குக் கீழே அவளும் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தாள். நெல்லை உழும்போதெல்லாம் வக்கீலின் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். யார் கழட்டச் சொன்னது? யாரும் சொன்னதில்லை. அதுதான் உண்மை. தன் வாயிலும் அதே பதில்தான் வரும். சொல்ல வேண்டிய தேவையே முதலாளிக்கு வந்ததில்லை. தேவையை உண்டாக்கினால்?

அது சரியான யோசனைதானா என்று நாலு நாள் குழம்பிய பிறகே மற்றவர்களிடம் வாயைத் திறந்தாள்.

"நெல்லு மேல செருப்போடயா? கால் கூசும்டி" என்றாள் மாரியம்மாள்.

"சவரி அக்காவுக்குக் கூசறதுக்குக் காலு இல்லியே."

மாரியம்மாள் முதல் ஆளாகத் தலையாட்டினாள்.

வாய்தா நாள். விடியலில் நெல் இறங்கியதும் பதினொரு பேரும் களத்தின் ஓரத்தில் செருப்போடு நின்றார்கள். எழிலரசி முதல் அடி வைத்தாள். செருப்புக்கடியில் நெல் நொறுங்கிய சத்தம் பல்லில் ஏறியது. நிற்காமல் நடந்தாள். பின்னால் பத்து ஜோடிச் செருப்புகள் வந்தன.

ஸ்ரீதர் ஆபீஸிலிருந்து ஓடிவந்தார். "ஏய், இன்னா பண்றீங்க? கழட்டுங்கடி செருப்ப!"

"பூட்ஸே குடுத்திருக்கேன்னு கோர்ட்ல சொன்னீங்களே மொதலாளி. பூட்ஸத்தான் காணோம், செருப்பாவது போட்டுக்கறோம்" என்றாள் எழிலரசி.

"அரிசி நொறுங்குனா எவன் வாங்குவான்? எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் களத்துல எவளாச்சும் செருப்பு போட்டிருக்காளா? போட உட்டிருக்கமா?"

"இதே வார்த்தைய அங்க வந்து சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்தது. லாரிக்காரர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பூட்ஸ் வாங்குன கையெழுத்து இருக்குடி உன்னுது. மாத்திப் பேசுன, உன் மேலயே கேசு."

"போடுங்க. அது எதுக்குப் போட்ட கையெழுத்துன்னு அங்கயும் கேப்பாங்க."

"வெளிய போங்க. ஒருத்திக்கும் வேலை இல்ல."

களத்துக்கு வெளியே வந்ததும் மாரியம்மாள் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது பொன்னுரங்கம் தொட்டி ஏணியிலிருந்து இறங்கிவந்தார். விபத்துக்குப் பிறகு அவர் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"எனக்கும் சேத்து டிக்கெட் எடும்மா. மணி அடிக்காம தொறந்தவன் நான். தொறக்கச் சொன்னது யாருன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

சிதம்பரத்தில் மாறிக் கடலூர் போக அவர்கள் ஏறிய டவுன் பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. கட்டையை ஊன்றிக் காத்திருந்த சவரியம்மாளை ஏற்றி உட்காரவைத்தார்கள்.

"எல்லாரும் எங்கடி வர்றீங்க? வேலை?"

"போச்சுக்கா. செருப்போட களத்துல எறங்குனோம். மொதலாளியே வாயத் தொறந்து கழட்டச் சொன்னாரு."

சவரியம்மாளின் முகம் சுருங்கியது. குனிந்து, எழிலரசியின் செருப்பு வாரில் சிக்கியிருந்த ஒரு நெல்லை நகத்தால் எடுத்தாள். உமியை உரித்து அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள்.

"நல்லா மிதிச்சீங்களா?"

"மிதிச்சோம்க்கா."

"இத்தினி பேரையும் கேப்பாங்களா அங்க?"

எழிலரசிக்குத் தெரியவில்லை. நீதிபதி அனுமதிப்பாரோ, வக்கீல் எந்தக் கேள்வியில் மடக்குவாரோ, நாளை அடுப்பு எரியுமோ, எதுவும் தெரியவில்லை.

"ஒவ்வொருத்தராத்தான் கேப்பாங்கக்கா" என்றாள். "ஒவ்வொருத்தரா கூண்டுல ஏறுவோம்."