ஒரு சாண் கீழே

அப்பா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எவ்வளவு கீழே வைக்கணும்?" என்று கேட்டார். வாலு ஸ்டூல் மேல் ஏறி நின்று, பழைய கொக்கியில் கட்டைவிரலை வைத்து, கையை விரித்து, சுண்டுவிரல் தொட்ட இடத்தைக் காட்டினாள். அப்பா அங்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா வீட்ல ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்க?"

"இவ்வளவுதாம்பா."

"ஒரு சாண்ல என்ன குடி முழுகிடப் போகுது. இறங்கு. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் வெட்டி வெட்டிப் போனது. பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில்தான் அவர்களுடைய கோர்ட். அப்பா யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன தண்ணீர்க் குழாய்கள் இரண்டை நட்டு, குழாய்க்கொரு கொக்கி பற்றவைத்து, நெட் கட்டிக் கொடுத்திருந்தார். பசங்கள் ஆடும் உயரம். அப்போது வேறு உயரம் ஒன்று இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. பொண்ணுங்களுக்கு நெட் ஒரு சாண் கீழே.

வாலுவும் அவள் அண்ணனும் ரெட்டைப் பிள்ளைகள். முதலில் அவன் வந்தான், அவன் பின்னாலேயே இவள் வந்தாள், அதனால் அம்மா வைத்த பெயர் வாலு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவனுக்கு நெட்டை என்ற பெயர் போன வருஷம்தான் வந்தது. அதுவரை இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே செருப்பு அளவு, ஒரு ஜோடி ஷூவையே காலையில் அவனும் சாயங்காலம் அவளும் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். திடீரென்று ஒரு நாள் ஷூ அவன் காலுக்குள் நுழைய மாட்டேன் என்றது. அதற்கப்புறம் அவன் நிற்கவே இல்லை. "ராத்திரி தூங்குறானா, இல்ல யாராவது ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்குறாங்களா" என்று அம்மா பேன்ட்டின் மடிப்பைப் பிரித்துவிட்டபடியே புலம்புவாள். நெட்டை சிரிப்பான். வாலுவும் சிரிப்பாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கோர்ட்டில் அவள் தூக்குவாள், அவன் அடிப்பான். அவ்வளவுதான் விஷயம். வாலிபாலில் அடிக்கிறவனைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், கைதட்டு அவனுக்குத்தான். ஆனால் அடிக்கிற பந்தை நெட்டுக்கு மேலே கொண்டுபோய், இந்தா என்று நிறுத்தி வைக்க ஒருத்தர் வேண்டும். வாலு அவன் எங்கே இருக்கிறான் என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். அவனும் குரல் கொடுக்க மாட்டான். பந்து அவள் விரல் நுனியை விட்டுக் கிளம்பும்போதே அவன் தரையை விட்டுக் கிளம்பியிருப்பான். சின்னப் பள்ளிக்கூடம், பையன்கள் டீமுக்கு ஆறு பேர் தேறவில்லை, அதனால் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிர் டீம்காரர்கள் முதலில் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னடா, வீட்ல பாப்பாவைப் பாத்துக்க ஆள் இல்லையா?" என்று ஒருத்தன் கேட்டான். இரண்டாவது செட்டுக்கு அவன் வாயே திறக்கவில்லை.

போன மாதம் பி.டி. சார் இரண்டு பேரையும் விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார். காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து, விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். இந்த வருஷத்திலிருந்து வயசுப் பிரிவு மாறுகிறது, கலப்பு டீம் கிடையாது, பசங்க தனி, பொண்ணுங்க தனி. "நியாயம்தானேம்மா. நாளைக்கு எவனாவது அடிச்ச பந்து உன் மூஞ்சில பட்டா உங்கப்பா என்னைத்தான் கேப்பாரு."

"இதுவரைக்கும் பட்டதில்லையே சார்."

"படலை. பட்டா?"

சார் கெட்டவர் இல்லை. ஆள் பற்றாத பள்ளிகளுக்கு ஒரு வருஷம் விலக்கு கேட்கலாம், கேப்டனைக் கூட்டிக்கொண்டு போட்டி நடத்துகிற கமிட்டியில் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றார். கேப்டன் நெட்டைதான். போய்விட்டு வந்தான். வாலு தெருமுனையிலேயே நின்றிருந்தாள். அவன் சைக்கிளிலிருந்து இறங்காமலே, "கேட்டோம், ஒத்துக்கலை" என்றான். அவ்வளவுதான். கொஞ்ச தூரம் மிதித்துப் போனபின் திரும்பி, "பொண்ணுங்க டீம்ல நீதான்டி ராணி" என்று கத்தினான். அவன் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் எப்போதும் 'டா'தான்.

ராணி எல்லாம் இல்லை. பெண்கள் டீமில் பந்து தூக்கிக் கொடுக்க ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். குண்டூசி. சின்ன உருவம், பெரிய தலை, சத்தமே இல்லாமல் குத்திவிட்டுப் போகிற நாக்கு. வெயிலில், கிழிந்த நெட்டில், பசங்கள் விளையாடி முடித்த பிறகு மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் பழகிப் பழகி அந்த இடத்துக்கு வந்தவள். வாலு வந்த முதல் நாளே சார் குண்டூசியை வெளியே உட்கார வைத்துவிட்டார். குண்டூசி அழவில்லை. வாட்டர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்துவிட்டு, "பசங்க டீம்ல உனக்கு இடமில்லைன்னதும் என் இடம் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். தனக்கு நடந்தது அநியாயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளால், இது நியாயம் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும்தான், இரண்டு கம்பத்திலும் பழையதற்குக் கீழே இன்னொரு கொக்கி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். புது உயரத்துக்குக் கை பழக வேண்டாமா? நெட்டை அந்தப் பக்கமே வரவில்லை. பையன்கள் டீமுக்குத் தூக்கிக் கொடுக்கப் புதிதாக வந்தவனோடு அவனுக்குப் பள்ளி மைதானத்திலேயே பயிற்சி. வாலு தனியாகச் சுவரில் பந்தை அடித்து அடித்துத் தூக்கினாள். கொக்கி கீழே வந்துவிட்டது. கை வரவில்லை.

போட்டி நடந்த மைதானத்தில் இரண்டு கோர்ட்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன, நடுவில் ஒரு கம்பி வேலி. முதல் பந்து வாலுவிடம் வந்தது. விரல்கள் தாமாகவே விரிந்தன. தூக்கினாள். அழகான பந்து, அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒன்றைத் தூக்கியிருப்பாளா என்பது சந்தேகம். மேலே போய், ஒரு கணம் அசையாமல் நின்று, யாரும் இல்லாத இடத்தில் இறங்கியது. அடிக்க வேண்டிய பெண் அதற்குள் குதித்து, வெறுங்காற்றை அடித்து, தரைக்கு வந்துவிட்டிருந்தாள். "கொஞ்சம் கம்மியா," என்றாள் அவள், மூச்சு வாங்க. வாலு தலையாட்டினாள். அடுத்ததும் அதே உயரம். அதற்கடுத்ததை வேண்டுமென்றே தாழ்த்தினாள், அது நெட்டிலேயே விழுந்தது. கம்மியாக, கம்மியாக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பந்து வந்து தொட்டதும் மனசு போய்விடும், கை மட்டும் நிற்கும். கைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அது அவனுக்குத்தான் தூக்கிக்கொண்டிருந்தது.

எதிர் டீம் பெண்கள் சிரித்தார்கள். "பசங்களோட ஆடினவளாம்," என்றாள் ஒருத்தி, "மேல யாருக்குத் தூக்குறா, காக்காவுக்கா?"

சார் விசில் ஊதி அவளை வெளியே கூப்பிட்டார். குண்டூசி உள்ளே போனாள். போகிற போக்கில் கையைத் தட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் வழக்கம். வாலு கையை நீட்டினாள். குண்டூசி தட்டினாள், மெதுவாகத்தான். அது இன்னும் வலித்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார் சார்.

"பழகிடும் சார். இன்னும் ஒரு மாசம் பசங்க டீம்லேயே விட்டிருந்தா…" என்னவோ உளறினாள். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

சார் கோர்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் உனக்காகப் பேசாமலா இருந்தேன்? அவங்க உங்க அண்ணனைத்தான் நேரா கேட்டாங்க. 'ஏம்ப்பா கேப்டன், இந்தப் பொண்ணு இல்லாம உங்களால ஆட முடியாதா'ன்னு. அவன் 'முடியும் சார்'னுட்டான். அப்புறம் நான் எந்த வாயை வெச்சுக்கிட்டுப் பேசுறது?" சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்லலையா அவன்," என்றார், விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

முடியும் சார். இரண்டே வார்த்தை. அதை அவன் குரலிலேயே அவளால் கேட்க முடிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரல் உடைந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கட்டைக் குரலில் சொல்லியிருப்பான். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம், என் தங்கச்சி இல்லாமல் முடியாது என்று எந்தக் கேப்டன் சொல்வான்? சொல்லியிருந்தால் வாசல் வரைக்கும் சிரித்திருப்பார்கள். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. புரிந்தால் வலிக்காது என்று எவன் சொன்னான்?

குண்டூசி தூக்கிய பந்துகள் குட்டையாக, அவசரமாக, அழகே இல்லாமல் போயின. ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தி அடித்தாள். பாயின்ட் மேல் பாயின்ட்டாக ஏறியது. பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். வாலுவும் எழுந்தாள். கத்துவதற்காக இல்லை. வேலியோரமாக நடந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோர்ட்டில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவன் தூக்கினான். பந்து போன உயரத்தைப் பார்த்து, சரிதான், போச்சு, என்று நினைத்தாள். அவ்வளவு மேலே யார் தூக்கச் சொன்னது? நெட்டை ஓடி வந்தான், காலை ஊன்றினான், எழும்பினான். அவளுக்குத் தெரிந்த இடம் வந்தது. அங்கேதான் எப்போதும் அவன் கை பந்தைச் சந்திக்கும். அந்த இடத்தைத் தாண்டி அவன் மேலே போனான். போய்க்கொண்டே இருந்தான். அவள் அதுவரை பார்த்தே இராத உயரத்தில், முழுக் கையையும் நீட்டி, அடித்தான். எதிரே தடுக்க நின்ற இரண்டு பேரின் விரல்களுக்கும் மேலே, ஒரு சாண் இடம் விட்டு, பந்து பாய்ந்தது. அது தரையில் விழுந்த சத்தம் வேலிவரை வந்தது.

தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தாள். அடுத்ததும் அங்கேதான். அதற்கடுத்ததும். புதியவன் சாதாரணமான ஆள்தான், கை கொஞ்சம் கோணல்கூட. ஆனால் அவன் நெட்டையின் பழைய உயரத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது என்ன உயரமோ அதைப் பார்த்துத் தூக்கினான். வாலு கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்தக் கோர்ட்டில் அவள் தூக்கியது அதிகம். பையன்களோடு ஆடியபோது அவனுக்குத் தூக்கியதெல்லாம் குறைவு. இத்தனை நாளும் அவன் அவள் பந்துக்காகக் குனிந்துகொண்டிருந்தானா?

அன்று இரண்டு டீமும் ஜெயித்தன. திரும்பும் வேனில் பின்சீட்டுப் பையன்கள் சீட்டைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். நெட்டை அவர்கள் நடுவே உட்கார்ந்து பாடாமல் இருந்தான். முன்சீட்டில் குண்டூசி தன் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வாலுவின் மடியில் வைத்தாள். "தின்னு. நாளைக்கு நீ உள்ள போனா நான் திங்கணும்ல," என்றாள். வாலு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

பட்டறைக்குப் பின்னால் இன்னும் வெயில் இருந்தது. நெட் மூலையில் சுருட்டி வைத்தபடி கிடந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நெட்டை உடைகூட மாற்றாமல் வந்து, பந்தை எடுத்து, அதன் தையலை நகத்தால் நோண்டிக்கொண்டு நின்றான்.

"முடியும்னு சொன்னியாமே."

அவன் தையலை நோண்டிக்கொண்டே இருந்தான்.

"என்கிட்ட ஒத்துக்கலைன்னு சொன்ன."

"ஒத்துக்கலைதான்."

"சரி, அதை விடு." அவளுக்குக் கேட்க வேண்டியது அது இல்லை என்று கேட்கும்போதே தெரிந்தது. "எப்பலேர்ந்துடா?"

"என்ன எப்பலேர்ந்து?"

"கம்மியா குதிச்சிட்டிருந்த. எனக்காக."

அவன் பந்தைக் கீழே தட்டினான், பிடித்தான். மறுபடி தட்டினான். பிடித்துக்கொண்டே சொன்னான். "ஷூ மாத்தினதுலேர்ந்து."

ஒரு வருஷம். ஒவ்வொரு மேட்சும்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? நான் இன்னும் மேல தூக்கியிருப்பேன்ல."

"தூக்கியிருப்ப. எனக்குத் தெரியாதா." அவன் குரல் பாதியில் உடைந்து, கட்டையாகி, மறுபடி சின்னப் பிள்ளைக் குரலாகியது. "அப்புறம் நான் இன்னும் வளர்ந்திருப்பேன். நீ எதுவரைக்கும் தூக்குவ?"

அவன் குனிந்து நெட்டின் ஒரு முனையை எடுத்தான். அவள் எழுந்து மறுமுனையை எடுத்தாள். எத்தனையோ சாயங்காலங்களில் செய்த வேலைதான், ஆளுக்கொரு கம்பம், ஆளுக்கொரு கொக்கி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அவரவர் கம்பத்துக்குப் போனார்கள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவனுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. கயிற்றை மாட்டி, இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

நெட் கோணலாகத் தொங்கியது. அவன் பக்கம் கீழ்க் கொக்கியில் இருந்தது. அவள் பக்கம் மேல் கொக்கியில் இருந்தது.

பட்டறையிலிருந்து அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "என்னடா இது, ஒரு பக்கமா சாஞ்சு கிடக்குது? நான் வெச்ச கொக்கி சரியாத்தானே இருக்குது?" என்றார்.

யாரும் அதை அவிழ்க்கப் போகவில்லை. காற்று அடித்தபோது நெட் தாழ்ந்த பக்கமாகக் கொஞ்சம் உப்பி, மறுபடி அடங்கியது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கம்பத்திலேயே நின்றான்.