தும்பி உட்கார்ந்திருந்த பாடவேளை

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த மதியம். ஜன்னல் கம்பிகளில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே தேங்கிய தண்ணீரிலிருந்து தெறித்த வெளிச்சம் வகுப்பறைக் கூரையில் மெல்ல நெளிய, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டபின் பாடம் நடத்துவதென்றால் பாதித் தூக்கத்தில் இருப்பவர்களிடம் கதை சொல்வது மாதிரிதான். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. பெரிய டீச்சர் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என் பாடத்தைப் பார்க்க வரவில்லை. தும்பியைப் பார்க்க வருகிறார்.

தும்பி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவளுக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி., கவனமும் கை காலும் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் சொன்னார். வளர்ப்பு சரியில்லை என்று ஊர் சொன்னது. டாக்டர் சொன்னது யாருக்கும் நினைவில்லை, ஊர் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். "நாலு போடு போட்டா எல்லாம் சரியாயிடும் டீச்சர்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. முதலில் உங்களுக்குத்தான் போட வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டி வைப்பேன்.

எங்கள் வகுப்பில் தும்பிக்கு இரண்டு இருக்கைகள். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று கதவோரம். உட்கார முடியாமல் போகும்போது எழுந்து மற்றதற்குப் போய்விடுவாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் கிளம்பினாலே பிள்ளைகள் அவளுடைய பென்சில் டப்பாவைக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார்கள், தலையைக்கூடத் தூக்காமல். இரண்டு நாற்காலிகளின் முன்கால்களுக்குக் குறுக்கே பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டியிருந்தேன். பாதத்தால் அதை உதைத்துக்கொண்டே கேட்டால் அவளுக்குப் பாடம் ஏறும். பலகை துடைப்பதும் அவள் வேலை. ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் மூன்றும் காற்றோடு போய்விடும்; ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒன்றும் தவறாது. இதெல்லாம் பிடிபடவே எனக்குப் பாதி வருஷம் ஆனது.

ஆனால் மற்ற பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். ஒரு பிள்ளை உலாத்திக்கொண்டே இருந்தால் எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று கேட்டார்கள். வராந்தாக் கோடியில் ஒரு தனி அறை இருக்கிறது. 'சமாளிக்க முடியாத' பிள்ளைகள் அங்கே நாள் முழுக்கப் படத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். பாடம் கிடையாது. அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. தும்பி இந்த வகுப்பிலேயே இருப்பதா, அந்த அறைக்குப் போவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். முடிவைச் சொல்ல அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தையல்காரி. கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, வராந்தா பெஞ்சில் எங்கள் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டீச்சர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். நான் ஈரத்துணியால் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தேன்.

"இது குளம். இப்ப இது எங்க போகப்போகுதுன்னு பாருங்க."

வட்டத்தின் ஓரம் மெல்லச் சுருங்கியது. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். தண்ணீர் ஒருவருக்கும் தெரியாமல் எழுந்து போவதை, மேலே போய் ஒன்றையொன்று தேடிக்கொள்வதை, மேகமாகிக் கனத்துத் திரும்பி வருவதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். கூரையில் வெளிச்சம் நெளிந்தது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தது.

தும்பி எழவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தாள். கை மடியில். கண் பலகையில். பழக்கதோஷத்தில் ஒருத்தி பென்சில் டப்பாவை எடுத்துப் பின்னால் நீட்டினாள். அதை வாங்கியவனுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. வகுப்பே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் உலாத்தும்போது கலையாத கவனமெல்லாம் அவள் உட்கார்ந்ததும் கலைந்துபோனது. பெரிய டீச்சர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

பாடம் முடிந்ததும் பெரிய டீச்சர் அவளருகே வந்தார். "ரொம்ப நல்லா உக்காந்திருந்தியே பாப்பா. பலகையில இருந்த குளம் எங்க போச்சு, சொல்லு."

தும்பி பலகையைப் பார்த்தாள். அது காய்ந்து வெறுமையாக இருந்தது.

"எந்தக் குளம்?"

"டீச்சர் இவ்வளவு நேரம் சொன்னாங்களே, நீ கேக்கலையா?"

"இல்ல மேடம். நான் உக்காந்துட்டு இருந்தேன்."

சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புரியாதவர்களுக்கு விளக்கும் குரலில் சொன்னாள். "காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்ல. விட்டா ஆடிடும். அதைப் பாத்துக்கிட்டே எப்படிக் கேக்கறது? அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

பெரிய டீச்சர் என்னிடம் திரும்பித் தாழ்ந்த குரலில், "உக்கார வெச்சாலும் ஏறலையே டீச்சர். அந்த ரூம்தான் இவளுக்கு..." என்று தொடங்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. தையல்காரி யாரையும் கேட்காமல் உள்ளே வந்தாள்.

"நான்தாங்க சத்தியம் வாங்கினேன். இன்னிக்கு ஒரு நாள் ஆடாம அசையாம இருந்துடு, இல்லைன்னா உன்னை அனுப்பிடுவாங்கன்னு சொன்னேன். கால்ல உதைக்கிற அந்த டியூபைக்கூடத் தொடாதேன்னேன். தப்பு என்மேலதாங்க." மகளைப் பார்த்து, "எந்திரி கண்ணு. எந்திரிச்சு நட" என்றாள்.

தும்பியால் எழ முடியவில்லை.

குனிந்து பார்த்தேன். இரண்டு கால்களையும் நாற்காலிக் கால்களுக்குப் பின்னால் முறுக்கிக் கோத்திருந்தாள். நானும் அம்மாவுமாக விடுவித்தோம். கணுக்காலில் இரும்பு அழுந்திச் சிவந்த தடம் இருந்தது. கால் மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது என்றாள். தையல்காரி தரையில் உட்கார்ந்து மகளின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தாள். பெரிய டீச்சர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் துணியை நனைத்துத் தும்பியின் கையில் கொடுத்தேன். "நீ வரை" என்றேன். அவள் வரைந்தாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கையைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள் தும்பி. கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். பென்சில் டப்பா அவளுக்கு முன்னால் கைமாறி ஓடியது. குளம் சுருங்கி மறைந்தபோது நடந்தபடியே கேட்டாள்.

"டீச்சர், மேல போற தண்ணிக்குத் திரும்பி வர வழி தெரியுமா?"

"வழி தெரியாது. கனத்துப்போனா தானா கீழ வந்துடும்" என்றேன்.

"அப்போ அதே குளத்துக்கு வராதா?"

"வரலாம். வேற எங்கயாவதும் விழலாம்."

"அதனாலதான் நம்ம குளம் காஞ்சாலும் வேற இடத்துல மழை பெய்யுதா?"

நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் எப்போதோ முன் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். மணி அடித்தும் எழவில்லை. பிறகு தையல்காரியிடம், "அந்த ரூம் பேச்சே இனிமே இல்லம்மா. இவ இங்கயே படிக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். போகும்போது வராந்தாக் கோடியில், அந்த அறை வாசலில், வெகு நேரம் நின்றிருந்தார்.

பிள்ளைகள் கலைந்துபோனார்கள். தையல்காரி மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகே தும்பி அவள் புடவையை இழுத்து நிறுத்தினாள்.

"அம்மா, நான் நல்லா உக்காந்திருந்தேன்ல?"

தையல்காரி மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "ரொம்ப நல்லா உக்காந்திருந்தடி தங்கம். இனிமே வேண்டாம்."