புல் பிடித்துவைத்த நிலம்

சோளக்காரனின் நிலம் ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் பறந்துபோய்விடும். அந்தப் பக்கத்து நிலங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கதிர் அறுத்தபின் அடித்தாள்கள் மட்டும் நிற்கிற நாட்களில் வறண்ட காற்று கிளம்பும். நிலம் ஒரு மூலையில் லேசாகத் தூக்கும், பிறகு உதறிய போர்வைபோல மொத்தமாக எழுந்து கிழக்கே போகும். முதல் மழைக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். போனதைவிடக் கொஞ்சம் மெலிந்து வரும், அவ்வளவுதான் என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆண்டு திரும்பி வந்த நிலத்தின் நடுவில் அடிப்பாறை பல்லைக் காட்டியது. இன்னொரு முறை போனால் திரும்பி வர அதில் ஒன்றும் மிஞ்சாது என்று சோளக்காரனுக்குப் புரிந்துவிட்டது.

அவனுடைய அக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றிவந்தாள். இருவருக்கும் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் நிலத்தில் அறுத்த தாளில் துளிர்த்த இளஞ்சோளத்தை மேய்ந்து அவளுடைய இரண்டு கறவைகள் மூச்சுத் திணறிச் செத்துப்போயின. இளந்துளிரில் விஷம் உண்டு என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். வேலிப் படலைத் திறந்துபோட்டது யார் என்பதில்தான் சண்டை. அதனால் விதைப்புக்கு முன்பு தம்பி வந்து தொழுவத்து வாசலில் நின்றபோது அவள் கறப்பதை நிறுத்தவில்லை.

"அறுப்பு முடிஞ்சதும் உன் மாடுங்கள என் நிலத்துல நிறுத்தேன்க்கா," என்றான். "ஒரு கனத்துக்கு."

"மாடு என்ன எடைக்கல்லாடா, வச்ச எடத்துல கெடக்க? வெறுந்தாளப் பாத்துக்கிட்டு எத்தன நாளு நிக்கும்?"

"எனக்கு வேற வழி தெரியல."

அவனுக்குக் காதோரம் நரைத்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"வரிசைக்கு நடுவுல தீவனப்புல்லு வெதைக்கறேன். அத மேயட்டும்," என்றாள்.

"சோளத்த அமுக்கிடுமே."

"சோளம் முழங்கால் ஒசரம் வந்தப்புறம் வெதைச்சா அமுக்காது. தலையெடுத்த பயிரு புல்லுக்குப் பயப்படுமா?"

அப்படியே விதைத்தாள். சோளத்தின் நிழலில் புல் நூல் நூலாக, வெளிறி, இருக்கவா போகவா என்று கிடந்தது. விதை வீண்தான் என்று அவளே உள்ளூரப் பயந்தாள், வெளியே சொல்லவில்லை. தானியம் எப்போதும்போல வந்தது. கதிர் அறுத்து வெயில் தரையில் விழுந்ததும் புல் விழித்துக்கொண்டு நிலத்தை மூடியது. கூடவே அடித்தாளிலிருந்து சோளத் துளிரும் கிளம்பியது. அது இடுப்பளவு வளர்ந்து முற்றும்வரை மாட்டை விடக்கூடாது. காற்றோ முந்திக்கொண்டது. நிலத்தின் மூலை தூக்கத் தொடங்கியபோது அவள் மாடுகளின் கயிற்றைப் பிடித்தபடி வாய்க்கால் கரையில் நின்றாள். போனால் மாடு போகும், போகாவிட்டால் நிலம் போகும். தம்பி அவளைக் கூப்பிடவில்லை. அரிவாளை எடுத்து, குனிந்து, வரிசை வரிசையாகத் துளிரை அறுத்து வெளியே எறிந்துகொண்டிருந்தான். அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மாடுகளை மரத்தில் கட்டிவிட்டு, இன்னொரு அரிவாளோடு எதிர்முனையிலிருந்து தொடங்கினாள். இருவரும் நடு வரிசையில் முட்டிக்கொண்டபோது ஒரு துளிர்கூட மிச்சமில்லை.

மாடுகளும் அவளும் நிலத்தில் ஏறியதும் பெருங்காற்று அடித்தது. நிலம் எழுந்தது. ஆள் உயரம் போய், அங்கே நின்றுவிட்டது. புல்லின் வேர்கள் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்ததால் விறைத்து இழுத்துப் பிடித்தன. தலைக்கு மேலே மற்றவர்களின் நிலங்கள் வரிசையாகக் கிழக்கே போயின.

"அக்கா, குதிச்சுடு," என்றான் கீழே நின்ற தம்பி.

"எதுக்குடா? மாடு மேயுது."

கோடை முழுதும் நிலம் அந்த உயரத்திலேயே நின்றது. மாடுகள் அங்கேயே தின்று சாணம் போட்டன. முதல் மழைக்கு அது மெல்ல இறங்கியபோது பாறை தெரியவில்லை. மறு ஆண்டு ஊரே அவளிடம் புல்விதை கேட்டு வந்தது. இப்போது காற்று மாதங்களில் அந்தப் பக்கத்து நிலங்கள் எல்லாம் ஆள் உயரத்தில் நிற்கின்றன. அவற்றின் நிழலில் கன்றுகளைக் கட்டுகிறார்கள். பால் வண்டிக்காரர் வண்டிக் கூரையில் ஓர் ஏணி வைத்திருக்கிறார். மழை வந்தால் நிலங்கள் இறங்கி வரப்போடு வரப்பு ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. ஏதாவது ஒன்று கோணலாகப் படுத்துவிட்டால், அக்காவும் தம்பியும் போய் ஆளுக்கொரு பக்கம் காலால் தள்ளி நேராக்கிவிட்டு, சோளம் விதைக்கிறார்கள்.